கொட்டகையில் வளர்ந்த கலை

பழைய பொருளைப் போற்றுவோர் பல வகையினர். நாணயம் திரட்டுவாரும் உளர். ஓலைச் சுவடி காப்பாரும் உளர். அவர்கள் தம் செல்வத்தைப் பேழைக்குள் வைத்துப் பார்த்து மகிழலாம். பழைய பந்தய மகிழுந்தைப் போற்றுகின்றவனுக்கோ அவ்வசதி இல்லை. ஓடாத வண்டி அவனுக்கு வண்டியே ஆகாது. ஓடினாலோ தேயும், தேய்ந்ததை மாற்ற வேண்டும், மாற்ற மாற்ற அது எந்தப் பழமைக்காகப் போற்றப்பட்டதோ அந்தப் பழமை குறைந்துகொண்டே வரும். இத்தகைய இக்கட்டுடன் பிறந்த பொழுதுபோக்கு ஒன்று, பெரிய தொழிற்சாலைகளின் ஆதரவு இன்றி, வீட்டுப் பின்புறக் கொட்டகைகளிலேயே எவ்வாறு வளர்ந்தது என்பதை இங்குச் சிறிது ஆராய்வோம்.

இக்கட்டுரையாளன் பொறியியல் கற்றவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தமிழ்ப்பள்ளியில் காலம் கழித்தவன். எந்தப் பள்ளியும் கற்பிக்காத ஒரு கலையைப் பல்லாயிரவர் எப்படிக் கற்றுக்கொண்டனர் என்ற வினாவே என்னை இத்துறைப் பக்கம் இழுத்தது. விடை தேடிச் செல்பவர் இங்கிலாந்துக்குத்தான் செல்லவேண்டியிருக்கிறது.

1896-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை நகருக்கு மோட்டார் வண்டிகள் ஊர்வலமாகச் சென்றன. வண்டியின் முன்னே ஓர் ஆள் நடந்து செல்லவேண்டும் என்ற பழைய விதி நீங்கியதைக் கொண்டாடவே அப்பயணம். 1927-இல் அதனை நினைவுகூர்ந்து பழைய வண்டிகளை மீண்டும் அதே சாலையில் ஓட்டினர். முப்பது ஆண்டுக்கு முந்திய வண்டியைக் கண்டு அன்று மக்கள் நகைத்தனர் என்பதில் வியப்பில்லை. வேடிக்கையாகத்தான் அது தொடங்கியது. ஆனால் ஓட்ட வேண்டுமானால் பழுது பார்க்க வேண்டுமே! 1930-இல் வெட்டரன் கார் கிளப் என்னும் கழகம் தோன்றியது. 1934-இல் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் தோன்றியது. பின்னது நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஏனெனில் அதன் உறுப்பினர்கள் விரும்பியவை விரைவு வண்டிகள். அவர்களுட் பலர் பெருஞ்செல்வர் அல்லர்.

பெருஞ்செல்வர் அல்லாதார் கையில் பென்ட்லி எப்படி வந்தது? டபிள்யூ. ஓ. பென்ட்லி 1919-இல் தொடங்கிய நிறுவனம் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1924-இலும், பின்னர் 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு ஆண்டும் வெற்றி கண்டது. புகழ் பெருகிற்றே தவிரப் பொருள் பெருகவில்லை. 1931-இல் நிறுவனம் முறிந்து ரோல்ஸ் ராய்ஸின் கைக்கு மாறியது. உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், பெரிய எந்திரமும் பெரிய எண்ணெய்ச் செலவும் உடைய அவ்வண்டிகளை வாங்குவார் இலர். விலை சரிந்தது. நேற்று வரை பிரபுக்களின் வாயிலில் நின்ற வண்டி இன்று இளைஞன் ஒருவனின் வாடகைக் கொட்டகையில் வந்து நின்றது. வாங்க முடிந்ததே ஒழிய, பழுது பார்க்கப் பிறருக்குக் கூலி கொடுக்க அவனால் இயலவில்லை. ஆகவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே வண்டிக்கு அடியில் படுத்தான். இக்கலைக்குத் தாய் ஆசை என்றால் தந்தை வறுமை என்று சொல்லிவிடலாம்.

மோட்டார் ஸ்போர்ட் இதழின் ஆசிரியராக 1936 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் விளங்கிய பில் பாடி என்பவர், பழைய வண்டியே மேலானது என்ற கட்சியை இடைவிடாமல் எழுதி வந்தார். 1930-க்குப் பின் வந்த மலிவு வண்டிகளில் வேலைப்பாடு தாழ்ந்துவிட்டது என்பது அக்கூட்டத்தாரின் உறுதியான எண்ணம். பழமை பேசுவோர் எல்லாக் காலத்திலும் இப்படித்தான் பேசுவர் என்று ஒதுக்கிவிடலாம். எனினும் ஒரு செய்தியில் அவர்கள் கூற்று பொருத்தமே. முன்னைய வண்டி கழற்றுவதற்கு இடம் கொடுத்தது.

கழற்ற இடம் கொடுத்த வண்டிகளுள் தலையாயது ஆஸ்டின் செவன். அதன் பிறப்பே ஒரு வீட்டில் நிகழ்ந்தது. தம் நிறுவனத்தின் இயக்குநர்கள் சிறு வண்டித் திட்டத்தை விரும்பாமையால், ஹெர்பர்ட் ஆஸ்டின் தம் இல்லமான லிக்கி கிரேஞ்சின் பில்லியர்ட்ஸ் அறையில், ஸ்டான்லி எட்ஜ் என்னும் பதினெட்டு வயது வரைவாளரை அமர்த்தி அவ்வண்டிக்கு வரைபடம் தீட்டச் செய்தார். 1922-இல் அறிமுகமாகி 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன. அதன் எந்திரம் 747 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடையது. இன்றைய பெரிய மோட்டார் சைக்கிள் சிலவற்றுக்கும் சிறியது. கீழே ஓர் இரும்புச் சட்டம். மேலே தனியாக ஓர் உடல். இடையே சில திருகாணிகள். திருகாணியை அவிழ்த்தால் இரண்டு ஆட்கள் உடலைத் தூக்கி அப்பால் வைத்துவிடலாம். பின்னர் அச்சட்டத்தின் மேல் மரப்பலகையையோ அலுமினியத் தகட்டையோ கொண்டு தனக்கு வேண்டிய வடிவில் ஒரு பந்தய வண்டியைச் செய்துகொள்ளலாம். இவ்வாறு செய்யப்பட்டதற்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். இதற்கென்றே 750 மோட்டார் கிளப் என்னும் கழகம் 1939-இல் அமைந்தது.

வட லண்டனில் கட்டடப் பொறியியல் பயின்ற காலின் சாப்மன் என்னும் மாணவர், தம் வருங்கால மனைவியின் பெற்றோர் இல்லத்துக்குப் பின்னிருந்த கொட்டகையில், பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்து 1948-இல் ஒரு ஸ்பெஷல் செய்தார். அதுவே முதல் லோட்டஸ். பதினைந்து ஆண்டுக்குள், 1963-இல், லோட்டஸ் வண்டி உலகப் பந்தய வெற்றிக் கோப்பையைப் பெற்றுவிட்டது. கடல் கடந்து நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலோ, எண்ணெய் நிலையம் நடத்திய ஒருவர் பிரிந்து கிடந்த ஆஸ்டின் செவன் அல்ஸ்டர் வண்டி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கி வந்தார். தந்தையும் மகனும் சேர்ந்து அதனைப் பூட்டினர். மகன் புரூஸ் மக்லாரன் பதினைந்து வயதில் அதை மலையேற்றப் போட்டியில் ஓட்டினார். 1963-இல் தம் பெயரில் பந்தயக் குழுவைத் தொடங்கினார். 1970-இல் சோதனை ஓட்டத்தின்போது அவர் இறந்தார். குழு இன்றும் இருக்கிறது. இவ்விருவரும் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றதால் நாம் அறிகிறோம். அதே ஆண்டுகளில் அதே வேலையைச் செய்து, புகழ் ஏதும் பெறாமல், ஞாயிறு மாலையில் கைகழுவிக்கொண்டு வீட்டுக்குள் சென்றவர்களின் எண்ணிக்கையை யார் அறிவார்!

உலகப் போர் இப்பொழுதுபோக்கை ஒடுக்கியிருக்க வேண்டும். 1942-இல் இங்கிலாந்தில் சொந்த உலாவுக்கான பெட்ரோல் அறவே நிறுத்தப்பட்டது. வண்டிகள் மரக்கட்டைகளின் மேல் ஏற்றப்பட்டுத் துணி போர்த்தி நின்றன. போர் முடிந்த பின்னும் பங்கீடு 1950 மே வரை நீடித்தது. இரும்பு ஏற்றுமதிக்கே முதலில் ஒதுக்கப்பட்டது. புதிய வண்டி வேண்டுவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விளைவு என்ன? இருக்கும் பழைய வண்டியைப் பாதுகாப்பது நாட்டு வழக்கமாயிற்று. போர்க்காலத்தில் விமான எந்திரங்களைப் பிரித்துப் பூட்டிய கைகள் வீடு திரும்பியிருந்தன என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அக்காலத்தின் சின்னமாக நின்றது எம்ஜி டிசி. 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 வண்டிகள் அபிங்டன் ஊரில் செய்யப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 2,000 அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே ஸ்போர்ட்ஸ் கார் மோகத்தை விதைத்தன. இதன் தகட்டுக்கு உள்ளே இருப்பது ஆஷ் மரச் சட்டம். ஆகவே இதைப் புதுப்பிப்பவன் கொல்லனாகவும் தச்சனாகவும் இருத்தல் வேண்டும். இதன் எந்திரத்தில் ஒரு விந்தையும் உண்டு. மரையோ பிரெஞ்சு மெட்ரிக் அளவு. திருகாணியின் தலையோ பிரிட்டிஷ் விட்வொர்த் அளவு. ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுத நிறுவனம் முதல் உலகப் போர்க் காலத்தில் காவென்ட்ரி நகரில் ஒரு தொழிற்சாலை அமைத்தது. 1923-இல் வில்லியம் மாரிஸ் அதை வாங்கினார். உள்ளிருந்த கருவிகள் மெட்ரிக் மரையே வெட்டும். நாட்டிலுள்ள ஸ்பேனர்களோ விட்வொர்த். இரண்டையும் ஒக்க வைக்கக் கண்ட உபாயம் இது. இதை அறியாதவன் கடையில் சாதாரணத் திருகாணியை வாங்கி வந்து முறுக்கினால் மரை அழியும். ஒரு திருகாணிக்குள் இரு நாட்டு வரலாறு அடங்கிக் கிடப்பதை வகுப்பில் எடுத்துரைத்தால் மாணவர் விழிப்பாகக் கேட்பர் என்பது என் அனுபவம்.

1960-இல் இங்கிலாந்து அரசு பத்தாண்டு கடந்த வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை விதித்தது. 1967-இல் அந்த வரம்பு மூன்றாண்டாகக் குறைந்தது. ஏனோதானோ என்று பூட்டிய ஸ்பெஷல்கள் பல இதனால் மறைந்தன. எஞ்சியவர் செம்மையாகச் செய்யக் கற்றாக வேண்டிய நிலை. ஆனால் யாரிடம் கற்பது?

இவ்விடத்தில்தான் நம் கவனத்துக்குரிய ஒருவர் வருகிறார். ஜான் ஹேய்ன்ஸ் 1938-இல் இலங்கையில் பிறந்தவர். தந்தை அங்கே தேயிலைத் தோட்ட நிருவாகி. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் யாருடைய உழைப்பால் நின்றன என்பதை இந்நூலின் வாசகர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. அச்சிறுவன் பன்னிரண்டாம் வயதளவில் கல்விக்காக இங்கிலாந்து சென்றான். விடுதிப் பள்ளியில் ரக்பி ஆட்டம் அவனுக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் ஆஸ்டின் செவன் ஒன்றை ஸ்பெஷலாக மாற்ற அனுமதி கேட்டான். விடுதி ஆசிரியர் இணங்கினார். (அவ்வாசிரியரை நான் மிகவும் மதிக்கிறேன். நம்மில் எத்தனை பேர் இணங்கியிருப்போம்?) செய்து முடித்ததோடு அவன் நிற்கவில்லை, செய்த முறையைப் படம் வரைந்து எழுதி ஒரு சிறு நூலாக்கினான். 1956-இல் 250 படிகள் வெளியிட, பத்தே நாளில் அவை விற்றுத் தீர்ந்தன.

பின்னர் விமானப் படையில் சேர்ந்த ஹேய்ன்ஸ் ஏடனில் பணியாற்றுகையில், உடன் பணிபுரிந்த நண்பர் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் சிறு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். முன்விளக்குகள் தவளைக் கண்போல் மேலே துருத்தி நிற்கும் வண்டி அது. வண்டி பழுதுற்றிருந்தது. தொழிற்சாலை வெளியிட்ட கையேட்டைப் பார்த்தால், அது பயிற்சி பெற்ற பணியாளனுக்காக எழுதப்பட்டது. சிறப்புக் கருவிகள் அனைத்தும் கையில் உள்ளன என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. இல்லத்தில் இருப்பவனுக்கு அது பயன்படாது. ஆகவே எந்திரத்தை முழுதும் பிரித்து, ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்து, மீண்டும் பூட்டினர். 1966-இல் வெளிவந்த முதல் ஹேய்ன்ஸ் பட்டறைக் கையேடு அவ்வண்டியைப் பற்றியதே. முதற்பதிப்பு 3,000 படிகள் மூன்று மாதத்துக்குள் விற்றன. அதன்பின் உலகெங்கும் இருபது கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றுள்ளன.

இந்நூல்களின் பெருமை விற்பனையில் இல்லை. ஒரு வண்டியை வாங்கி, முற்றும் பிரித்து, மீண்டும் பூட்டிப் பார்த்து, எந்தத் திருகாணி எளிதில் கழலாது, எங்கே கை நுழையாது என்பதைத் தாமே பட்டறிந்து எழுதுவது அவர்கள் கொண்ட நெறி. பாடநூல் எழுதும் நம்மவருக்கும் இந்நெறி பொருந்தும். வகுப்பில் ஒருமுறையும் நடத்திப் பாராத பாடத்தை நூலில் ஏற்றுகின்ற வழக்கம் நம்மிடையே இல்லை என்று யாரும் துணிந்து சொல்ல முடியாது. வணிகர் மறைத்து வைத்த தொழில் நுட்பத்தைச் சாதாரண மனிதன் தன் மொழியில் வாசித்தறியும் நிலையை அக்கையேடுகள் உண்டாக்கின. ஹேய்ன்ஸ் 2019-இல் மறைந்தார். புதிய வண்டிகளுக்கு அச்சுக் கையேடு வெளியிடுவதை நிறுத்துவதாக 2020-இல் அந்நிறுவனம் அறிவித்தது.

கொட்டகைக் கலைஞர்களால் மிகுதியாகப் புதுப்பிக்கப்பட்ட வண்டிகளுள் ஒன்று எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இதற்குத் தனிச் சட்டம் கிடையாது. தகட்டு உடலே எலும்புக்கூடு. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி வடிவத் தகட்டுப் பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு. மழைநீரும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அங்கே புகுந்து உள்ளிருந்து துரு பிடிக்கும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே ஒன்றும் இராது. அதனை வெட்டி நீக்கும் முன் உடலுக்குத் தக்க முட்டுக் கொடுக்கவேண்டும். கதவு இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். தவறினால் வண்டி நடுவில் தொய்ந்து, புதுத் தகட்டைப் பற்றவைத்த பின் கதவு சாத்தாது. துருவை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடியவர்களுக்கு 1988-இல் எதிர்பாராத உதவி வந்தது. அபிங்டன் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டதாயினும் அச்சு வார்ப்புக் கருவிகள் முற்றும் அழியவில்லை. அவற்றைத் தேடித் திரட்டிப் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் எம்ஜிபியின் முழு உடலையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது.

இங்கேதான் சிக்கல். புதிய உடலில் பழைய எந்திரத்தை வைத்தால் அது பழைய வண்டியா, புதிய வண்டியா? இவ்வினா ஒரு பெரிய வழக்காகவே லண்டன் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தில் வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்னும் பென்ட்லியை ஒரு கோடி பவுனுக்கு விற்க ஒப்பந்தமாயிற்று. இடையில் அவ்வண்டி எந்திரம் மாறியது. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் உயிரிழந்தார். பின்னர் வேறு உடல் பெற்றது. 1929-ஆம் ஆண்டு ஓடிய பாகங்களில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே இது அந்த வண்டியே அன்று என்றனர் வாங்க மறுத்தவர்கள். 1990-இல் நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார்: மாற்றங்கள் படிப்படியாக நிகழ்ந்தன, எந்நாளிலும் வண்டி அழிந்து வேறொன்று அதன் இடத்துக்கு வரவில்லை, வரலாறு இடையறாது தொடர்கிறது, ஆதலின் இது அதுவே. எனக்கு இத்தீர்ப்பு முற்றும் உடன்பாடே. ஆயினும் இதில் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது. எந்தப் பாகம் எந்த ஆண்டு யாரால் மாற்றப்பட்டது என்ற குறிப்பு இருந்தமையாலேயே அத்தொடர்ச்சியை மெய்ப்பிக்க முடிந்தது. ஏடு இல்லையேல் வழக்கு தோற்றிருக்கும்.

நம் நாட்டுப் பக்கம் வருவோம். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இவ்வண்டிகள் புதியவை அல்ல. சிங்கப்பூரைச் சேர்ந்த சான் லை சூன் 1958-இல் ஆஸ்டன் மார்ட்டின் வண்டியில் மக்காவ் பந்தயத்தை வென்றார். சிங்கப்பூர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை பந்தயங்கள் நடைபெற்றன. ஷா ஆலம் பத்து தீகா பந்தயத் தடம் 1968-இல் திறக்கப்பட்டது. அவ்வண்டிகளின் சக்கரத்தைச் சுற்றியிருந்த ரப்பரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மோட்டார் வண்டி பெருகப் பெருகத் தோட்டம் பெருகிற்று. தோட்டம் பெருகப் பெருக நம் முன்னோர் கப்பலேறினர். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் பிரேக்கு உருளையில் உள்ள அடைப்பு வளையங்களும் இயற்கை ரப்பரே; கனிம எண்ணெய் பட்டால் அவை ஊதிக் கெடும்.

நம் வெப்ப நாட்டில் இக்கலைக்கு வேறு தொல்லைகள் உண்டு. உப்புத் தூவிய சாலை இல்லை. ஆனால் காற்றே ஈரம். தோல் இருக்கையில் பூஞ்சை படரும். பிரேக்கு எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி உட்புறம் அரிக்கும். குளிர்நாட்டுக்கென அமைந்த நீர்க்குளிர்ப்பான் நெரிசலில் கொதித்துப் போகும். ஈயம் நீக்கிய பெட்ரோல் வந்தபின், ஈயத்தின் காப்பை நம்பிய பழைய வால்வு இருக்கைகள் தேயத் தொடங்கின; சிலிண்டர் தலையைக் கழற்றிக் கடினமான இரும்பு வளையம் பதிக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் 1990-இல் வந்த உரிமச் சான்று முறை பத்தாண்டு கடந்த வண்டியை வைத்திருப்பதையே பெருஞ்செலவாக்கிற்று; 35 ஆண்டு கடந்தவற்றுக்குத் தனி விதி உண்டு.

இவற்றைவிட என்னை வருத்துவது வேறொன்று. தோட்டத்துப் பட்டறைகளிலும் நகரத்துப் பட்டறைகளிலும் துரைமாரின் வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவர்களில் தமிழர் பலர். வண்டியின் உரிமையாளர் பெயர் பந்தயப் பட்டியலில் அச்சாயிற்று. பூட்டியவர் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் அறிந்ததை அவர்கள் எழுதவில்லை. எழுதச் சொல்லிக் கேட்டவரும் இல்லை. இங்கிலாந்தின் கொட்டகை அறிவு இருபது கோடிப் படிகளாகப் பெருகியபோது, நம் பட்டறை அறிவு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்று, மற்றொருவர் இல்லாத இடத்தில் நின்றுவிட்டது.

எங்கள் வட்டாரத்தில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பட்டறைத் தொழிலாளி. எம்ஜி வண்டிகளில் உள்ள இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களைச் செவியாலேயே சரிசெய்வார். ஒரு முழ நீள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாறி மாறிப் பிடிப்பார். காற்று உள்ளே செல்லும் சீறல் இரண்டிலும் ஒன்றாக ஒலிக்கும்வரை திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்புவார். உள்ளே ஏறி இறங்கும் உருளையை அவர் 'மணி' என்கிறார். அதில் தொங்கும் கூர்ங்கம்பி 'ஊசி'. அது தடுமாறாமலிருக்க மேலே ஊற்றும் மெல்லிய எண்ணெய் 'மருந்து'. கடந்த ஆண்டு முதல் சனிக்கிழமைதோறும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி வருகிறேன்; படங்களை ஆறாம் வகுப்பு மாணவர் இருவர் வரைகின்றனர். இதுவரை நாற்பத்தொரு பக்கம் ஆகியுள்ளது. கார்புரேட்டர் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் கிளட்ச்.